பொண்ணு நாற்காலி

ஹாலுக்குள் நிற்கும்போது ‘காலி’ என்ற சொல் வாயில் வரக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த அன்று மேனேஜர் எனக்குச் சொன்ன முதல் விதி அதுதான். ஒரு தேதியை யாரும் எடுக்காமல் இருந்தால், “அந்தத் தேதி உங்களுக்காகத்தான் நிக்குதுங்க” என்று சொல்ல வேண்டும். எடுத்துவிட்டிருந்தால் ‘இல்லை’ என்று சொல்லக் கூடாது. “நிறைஞ்சுடுச்சுங்க” என்று சொல்ல வேண்டும். கல்யாணம் பேச வருகிறவர்களின் காதில் விழுவது எல்லாம் நல்ல சொல்லாக இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

“டீச்சரம்மா, நாம விக்கிறது செவுரும் கூரையும் இல்ல. அது எல்லா ஊர்லயும் கெடைக்கும். பார்ட்டி உள்ள வந்து நின்னா அவங்க ஊட்டுக் கல்யாணம் அங்க நடந்துகினு இருக்கணும். நடக்கப் போவுதுன்னு சொல்லாதீங்க. நடக்குதுன்னு சொல்லுங்க.”

நான் டீச்சர் இல்லை. டீச்சர் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்காகக் காத்திருந்தவள். அது தெரிந்ததிலிருந்து அவர் என்னை வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.

எழுபதுகளின் கடைசி வருஷங்கள் அவை. கம்பெனி என்றுதான் நாங்கள் எல்லோரும் சொல்லுவோம். ஆரணியில் ஒரு சினிமா தியேட்டர், அதன் பக்கச் சுவரை ஒட்டி ஒரு பெரிய ஹால், சந்தவாசல் பக்கம் ஒரு டூரிங் கொட்டகை. மூன்றுக்கும் ஒரே முதலாளி. அவர் மெட்ராஸில் இருந்தார். ஹாலில் கல்யாணம் நடக்கும், காது குத்து நடக்கும், நெசவாளர் சங்க விழா நடக்கும், நாடகக்காரர்கள் வந்து போவார்கள். ஆனால் கல்யாணம்தான் பிரதானம். வேலூரிலிருந்தும் செங்கத்திலிருந்தும் முகூர்த்தப் பட்டு எடுக்க ஆரணிக்கு வருகிறவர்கள், புடவைக் கடையில் உட்கார்ந்தபடியே ஹாலைப் பற்றியும் விசாரிப்பார்கள். கடைக்காரர் எங்களிடம் அனுப்பி வைப்பார். அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுற்றிக் காட்டி, மனதைத் திருப்பி, முன்பணம் வாங்கி ரசீது கொடுப்பது என் வேலை.

என் கணவர் களம்பூரில் அரிசி மில்லில் எழுத்தராக இருந்தார். காலை பஸ்ஸில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். என் அம்மா வீடு தேசூரில். பாப்பாவைப் பார்த்துக்கொள்ள வீட்டில் யாரும் இல்லை. அவளுக்கு அப்போது மூன்று முடிந்து சில மாதங்கள். குழந்தையைக் கூட்டிக்கொண்டு வரலாம் என்று மேனேஜர் சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை. பார்ட்டி வந்திருக்கும்போது அது அழக் கூடாது, ஓடக் கூடாது, சத்தம் போடக் கூடாது. கல்யாணம் பேசுகிற இடத்தில் குழந்தை அழுதால் பெரியவர்கள் முகம் சுருங்கிவிடும் என்றார்.

பாப்பா அழவில்லை. அவள் ஒருபோதும் தொல்லை கொடுத்ததில்லை. அதுவே எனக்குக் கவலையாக இருந்தது. மற்ற வீட்டுப் பிள்ளைகள் தெருவில் புரண்டுகொண்டிருக்கிற வயசில் இவள் ஒரு தூணை ஒட்டி நின்று, நான் பேசுவதையெல்லாம் உதடு அசையாமல் கேட்டுக்கொண்டிருப்பாள். இவ்வளவு அமைதி ஒரு குழந்தைக்கு நல்லதுதானா என்று இரவில் கணவரிடம் கேட்பேன். “அழுதா ஏன் அழுவுதுன்னு கேக்கற, அழலன்னா ஏன் அழலன்னு கேக்கற” என்று அவர் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

அந்த நாற்காலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேடையின் நடுவில், சிவப்பு வெல்வெட் மெத்தை வைத்த பெரிய மர நாற்காலி ஒன்று இருந்தது. வரவேற்புக்குப் பெண்ணை உட்கார வைக்கிற நாற்காலி. கல்யாணம் இல்லாத நாட்களில் மேடை மொட்டையாகத் தெரிகிறது என்று மேனேஜரும் புடவைக் கடைக்காரரும் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்தார்கள். காலையில் கடைக்காரர் ஒரு முகூர்த்தப் புடவையைக் கொண்டுவந்து அந்த நாற்காலிக்குக் கட்டிவிடுவார். கொசுவம் மெத்தையிலிருந்து தரை வரைக்கும் விழும். முந்தானை சாய்மானத்தின் மேலே போய்த் தோளில் போட்டதுபோல் ஒரு பக்கமாகத் தொங்கும். இரண்டு ஊக்கு குத்தி நிறுத்திவிட்டுப் போவார். சாயங்காலம் வந்து மடித்து எடுத்துக்கொண்டு போவார். அவருக்கும் விளம்பரம், எங்களுக்கும் மேடை நிறைந்தாற்போல இருக்கும்.

பகலிலும் ஹாலுக்குள் பாதி இருட்டுதான். மின்சாரம் வீணாகக் கூடாதென்று விளக்குப் போட மாட்டோம். உயரத்தில் இருந்த ஜன்னல்களிலிருந்து வருகிற வெளிச்சம் மட்டும். வாசலிலிருந்து பார்த்தால் மேடையில் ஒரு பெண் தலை குனிந்து உட்கார்ந்திருப்பதுபோலவே இருக்கும். தலை மட்டும் இருக்காது. ஹாலைக் கூட்டுகிற அக்காவுக்குக்கூட அது பிடிக்காது. கூட்டிக்கொண்டே மேடைக்குக் கிட்டே போனதும் துடைப்பத்தைத் தட்டுவாள்.

“ஏங்க்கா தட்டறீங்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

“வர்றேன்னு சொல்லிகினு போறேன். திடுக்குனு போயி நின்னா அதுக்கு பயமா இருக்காதா?” என்று சொல்லிச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு நானும் மேடைக்குப் போகும்போது செருப்பைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

பேச்சு எனக்கு ஒரு மாசத்தில் வந்துவிட்டது. பார்ட்டி வாசலில் கால் வைத்ததும் ஆரம்பிப்பேன். “இதோ, பன்னீர் தெளிச்சுகினு நிக்கிறாங்க உங்க தங்கச்சிங்க. உள்ள வாங்க. இந்தப் பக்கம் மாப்பிள்ளை வீட்டார் உக்காந்திருக்காங்க. ஃபேனுக்குக் கீழ வயசானவங்க. மேடைல ஐயர் ஹோமம் வளர்க்கறார், மேல ஜன்னல் இருக்கறதால புகை யார் கண்ணுலயும் படல பாருங்க. பொண்ணு எங்கன்னு தேடறீங்களா? பொண்ணு இந்த ரூம்ல இருக்கு. கதவ ஒருக்களிச்சு வச்சா வெளிய இருந்து யார் கண்ணும் படாது. பொண்ணு சத்தமே போடாது. சாப்பாடும் கேக்காது, தாலி ஏர்ற வரைக்கும் பால் பழம்தான். யார் வந்து பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் வெளிய வராது. ஐயர் மேடைல இருந்து, ‘பொண்ண அழைச்சுண்டு வாங்கோ’ன்னு ஒரு குரல் குடுப்பார். அப்பதான் வரும். நாலே எட்டு, மேடை ஏறிடலாம்.”

ஐயர் குரலை மூக்கால் சொல்வேன். அந்த இடத்தில் பெண்ணின் அம்மா கட்டாயம் சிரிப்பார்கள். சிரித்தால் பாதி முடிந்த மாதிரி.

“வேதக்காரங்க நீங்க, கல்யாணம் பண்ணி வைக்கிற ஐயரவிட நல்லாச் சொல்றீங்களே” என்று கூட்டுகிற அக்கா கேலி செய்வாள். உண்மைதான். நாங்கள் கிறிஸ்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற குடும்பம். ஹோமம் வளர்த்து நடக்கிற கல்யாணத்தை முன் வரிசையில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்ததுகூட இந்த வேலைக்கு வந்த பிறகுதான். சில ஞாயிற்றுக்கிழமைகளில், எல்லோரும் கண்ணை மூடி ஜெபிக்கும்போது, இல்லாத பெண்ணை இருக்கிறாள் என்று வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பது பொய்யில் சேருமா என்று எனக்குத் தோன்றும். வியாபாரத்தில் எல்லோரும் பேசுகிற பேச்சுத்தானே என்று நானே பதில் சொல்லிக்கொள்வேன். பிறகு, பொய் என்பதுகூட அல்ல என் பயம் என்று தோன்றும். என்ன பயம் என்று தெரியாது. கண்ணைத் திறந்து பாப்பா பக்கத்தில் இருக்கிறாளா என்று பார்ப்பேன்.

மேனேஜருக்கு இன்னொரு வித்தையும் தெரியும். எந்தப் படம் ஓடினாலும் கடைசியில் ஒரு கல்யாணம் இருக்கும், மேளச் சத்தம் வரும். அது எங்கள் சுவர் வழியாகக் கேட்கும். அந்த நேரத்துக்குச் சரியாகப் பார்ட்டியை மேடைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தச் சொல்வார். நானும் பேசிப் பேசி அங்கே கொண்டுவந்து நிறுத்துவேன். திடீரென்று கெட்டி மேளம் கேட்கும். “பாருங்க, சகுனமே சொல்லுது” என்பார். முதல் தடவை அதைக் கேட்டபோது நான் திரும்பிப் பார்த்தேன். யாருமே இல்லாத நாற்காலி வரிசைகள், மேடையில் தலையில்லாத புடவை, எங்கிருந்தோ மேளம். மேளம் ஓய்ந்து படம் முடிந்ததும் தியேட்டரின் மடக்கு நாற்காலிகள் பட் பட்டென்று எழும்பும் சத்தம் சுவர் நெடுகக் கேட்கும். பிறகு நிறைய கால்கள். பிறகு ஒன்றுமில்லை.

ஆடி மாசம் வந்தது. கல்யாணம் கிடையாது. ஆவணிக்குத் தேதி கேட்டு மட்டும் ஒருவர் இருவர் வருவார்கள். காற்று பலமாக இருந்தது. ஜன்னல் கதவுகள் அடித்துக்கொண்டிருந்தன. பாப்பா அந்த நாட்களில்தான் நாற்காலியோடு விளையாட ஆரம்பித்தாள். விளையாட்டு என்று சொல்லலாமா என்று தெரியவில்லை. மேடைக்குக் கீழே நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பாள்.

“அம்மா, பொண்ணுக்குக் கால் வலிக்காதா?”

“அது பொண்ணு இல்லடா. புடவை.”

“நீதான பொண்ணுன்னு சொன்ன.”

“அது பார்ட்டிக்குச் சொல்றது.”

அவள் மறுபடியும் நாற்காலியை அண்ணாந்து பார்த்தாள். “பார்ட்டி போனப்புறம் பொண்ணு எங்க போவும்?” என்று கேட்டாள். நான், “அவங்க வீட்டுக்கு” என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று உடனே தோன்றியது. ஆனால் வேறு என்ன சொல்வது? வீட்டில் நாங்கள் அவளையும் ‘எம் பொண்ணு’ என்றுதான் கொஞ்சுவோம். அவள் அப்பா பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததும் கேட்கிற முதல் கேள்வி, “எங்க எம் பொண்ணு?” என்பதுதான். ஒரே சொல் இரண்டு பேருக்கு இருப்பதை அவளுக்கு விளக்கிச் சொல்ல அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அந்த மாசத்தில் ஒரு நாள், காலையிலிருந்தே பாப்பா ஒன்றும் சாப்பிடவில்லை. இட்லியைத் தள்ளிவிட்டாள். மதியம் தயிர் சாதத்தைப் பிசைந்து வாய்க்கருகே கொண்டுபோனேன். உதட்டை இறுக்கிக்கொண்டு, “பால் பழம்” என்றாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சூடில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஆபீஸ் அறையில் பாய் விரித்துப் படுக்க வைத்தேன். அந்த நேரத்தில்தான் வேலூர்ப் பார்ட்டி வந்தது. பெண்ணின் அப்பாவும் அம்மாவும்.

எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினேன். அந்த அம்மாள் மேடையில் ஏறி நாற்காலிப் புடவையின் கரையை விரலால் தேய்த்துப் பார்த்தாள். அரக்கு நிறம், பச்சைக் கரை. “பொண்ணுக்கு எடுப்பா இருக்கும் இல்ல?” என்று கணவரிடம் கேட்டாள். அவர், “மொதல்ல எடத்தப் பாரு” என்றார். எனவே புடவை அப்போது நாற்காலியில் இருந்தது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. தண்ணீருக்கு என்ன வசதி என்று அவர் வெளி வாசலில் நின்று கேட்டார். சமையல்கட்டுக்குப் பின்னால் கிணறு இருக்கிறது, வற்றியதே இல்லை என்று பெருமையாகச் சொன்னேன். யோசித்துச் சொல்கிறோம் என்று புடவைக் கடைப் பக்கமாகப் போனார்கள்.

திரும்பி வந்து பார்த்தேன். பாயில் பாப்பா இல்லை.

மேஜைக்கு அடியில் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் பார்த்தேன். சத்தம் போடாமல்தான் தேடினேன். பார்ட்டி இன்னும் தெருமுனையில் இருந்தார்கள். ஹாலுக்குள் போனேன். நாற்காலிகளுக்கு அடியில் வரிசை வரிசையாகக் குனிந்து பார்த்துக்கொண்டு போனேன். மேடைக்கு வந்து நிமிர்ந்தபோது நாற்காலியில் புடவை இல்லை. வெறும் மெத்தை. நாற்காலியின் கைப்பிடியில் இரண்டு ஊக்குகளும் பூட்டி, பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தன. வேலூர்ப் பார்ட்டிக்குக் காட்டக் கடைக்காரர் வந்து எடுத்துப் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது அது ஒரு விஷயமாகவே படவில்லை. மணப்பெண் அறைக் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தேன். சுருட்டி நிறுத்திய ஜமக்காளங்கள், பெரிய நிலைக்கண்ணாடி. கண்ணாடியில் நான் மட்டும் இருந்தேன். “பாப்பா” என்று கூப்பிட்டேன். பதில் இல்லை.

அப்போதுதான் கிணறு ஞாபகம் வந்தது. வற்றியதே இல்லை என்று சற்று முன்னால் நானே சொன்ன கிணறு.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. சமையல்கட்டில் கோட்டை அடுப்புகளைத் தாண்டி, பின்வாசலைத் தாண்டி. கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் உண்டு, ஆனால் ஒரு பக்கம் துணி துவைக்கிற கல் சுவரை ஒட்டியபடி இருக்கும். அதில் ஏறினால் எட்டிவிடலாம். குனிந்து பார்த்தேன். தண்ணீர் கறுப்பாக, அசையாமல் இருந்தது. என் தலை மட்டும் அதில் தெரிந்தது. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் கண்ணாடியில் பார்த்த அதே முகம். “பாப்பா” என்று கத்தினேன். அது கிணற்றுக்குள் போய் வேறொரு குரலாகத் திரும்பி வந்தது.

கூட்டுகிற அக்கா ஓடி வந்தாள். மேனேஜரும் வந்தார். “பதறாதீங்க டீச்சரம்மா, தியேட்டர் பக்கம் போயிருக்கும். ஜல்தியா ஒரு ஸ்லைடு எழுதிப் போடச் சொல்றேன்” என்று ஓடினார். படத்துக்கு நடுவில் கண்ணாடியில் எழுதிக் காட்டுவார்களே, அது. ‘குழந்தை காணவில்லை’ என்று எழுதிப் போடப் போகிறார்கள். அந்த எழுத்துகள் திரையில் எவ்வளவு பெரிசாக இருக்கும் என்று ஏனோ நினைத்துக்கொண்டேன். அக்கா ஒரு மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு கிணற்றோரம் உட்கார்ந்தாள். அவள் எதற்கு அதை எடுத்தாள் என்று எனக்குப் புரிந்தது. நான் அங்கே நிற்க முடியாமல் மறுபடியும் ஹாலுக்குள் வந்தேன்.

ஹால் அப்படியேதான் இருந்தது. ஜன்னல் அடித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் படத்தில் யாரோ அழுதார்கள். நான் நடுப் பாதையில் நின்று ஜெபிக்கப் பார்த்தேன். ஜெபம் வரவில்லை. வாயில் என் பேச்சுத்தான் வந்தது, தினமும் சொல்லிச் சொல்லிப் பழகிய வரிசையில். இந்தப் பக்கம் மாப்பிள்ளை வீட்டார். ஃபேனுக்குக் கீழே வயசானவர்கள். பொண்ணு இந்த ரூமில். சத்தமே போடாது. சாப்பாடும் கேட்காது.

சாப்பாடும் கேட்காது. பால் பழம்.

யார் வந்து பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் வெளியே வராது.

மேடையில் ஏறினேன். வெறும் நாற்காலிக்குப் பக்கத்தில், ஐயர் உட்காருகிற இடத்தில் நின்றேன். பார்ட்டிக்குச் சொல்வதைப்போலவே, மூக்கால், உரக்கச் சொன்னேன்.

“பொண்ண அழைச்சுண்டு வாங்கோ.”

சுவர் வழியாக மேளம் கேட்க ஆரம்பித்தது.

மணப்பெண் அறையின் கதவு அசைந்தது. உள்ளேயிருந்து அரக்குப் புடவை முதலில் வந்தது. தரையோடு, தானாக நகர்வதுபோல. அதற்குள் ஆள் இருப்பதாகவே தெரியவில்லை. அவ்வளவு குள்ளமாக, அவ்வளவு மெதுவாக வந்தது. தலைக்கு மேல் முந்தானை. முகம் குனிந்திருந்தது. பின்னால் புடவையின் மிச்சம் அறைக்குள்ளிருந்து வந்துகொண்டே இருந்தது. நான் அழைத்துத்தான் அது வந்தது. ஆனால் அந்த ஒரு கணம், வருவது என் குழந்தைதானா என்று எனக்கு உறுதியில்லை. ஓடிப்போய்த் தூக்க வேண்டியவள் நான். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மேடைப் படியில் அது நின்றது. அண்ணாந்து பார்த்தது. வியர்வையில் முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. பாப்பாதான்.

அவளை வாரி எடுத்தேன். கத்தினேனா, அழுதேனா, அடித்தேனா என்று எனக்கு ஞாபகமில்லை. அவள் அழவில்லை. ஜமக்காளச் சுருள்களுக்குப் பின்னால் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்த குழந்தையின் உடம்பு கொதித்தது. என் தோளில் முகவாயை வைத்துக்கொண்டு ஹாலைப் பார்த்தாள். மேளம் ஓய்ந்தது.

“நான் கூப்பிட்டேனே, ஏன் பாப்பா வரல?”

“பேர் சொல்லிக் கூப்பிட்ட” என்றாள். அது என் தப்பு என்பதுபோல.

பிறகு என் முகத்தைத் தன் கையால் ஹால் பக்கம் திருப்பினாள். “அம்மா, அவங்கள சாப்பிடச் சொல்லல. சாப்பிடாம போறாங்க.”

“யாரு?”

அவள் வரிசைகளைக் காட்டினாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், ஃபேனுக்குக் கீழே.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? யாரும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். இது காலியான ஹால் என்று சொல்லியிருக்கலாம். ஹாலுக்குள் அந்தச் சொல்லைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. குழந்தை கிடைத்துவிட்ட நேரத்தில் முதல் முறையாகச் சொல்லவும் துணிச்சல் வரவில்லை. எனக்குத் தெரிந்த மரியாதையோடு, எதிரே இருந்த நாற்காலிகளைப் பார்த்து, “எல்லாரும் இருந்து சாப்பிட்டுப் போங்க” என்று சொன்னேன்.

பட் என்று ஒரு நாற்காலி எழும்பும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு வரிசை வரிசையாக.

மேட்னி முடிந்துவிட்டது. அவ்வளவுதான். எங்கள் ஹாலில் மடக்கு நாற்காலியே கிடையாது. எல்லாம் இரும்பு நாற்காலி. அது எனக்கு நன்றாகத் தெரியும். பிறகு கால்களின் சத்தம் வந்தது. நான் பாப்பாவோடு மேடையிலிருந்து இறங்கி நடுப் பாதையில் நடந்தேன். பாதி தூரம் வந்ததும் அவள் என் தோளைப் பிடித்து இழுத்தாள்.

“வழி விடும்மா.”

நான் ஓரமாக ஒதுங்கி நின்றேன். கால்களின் சத்தம் ஓயும் வரைக்கும் நின்றேன்.

அன்று சாயங்காலம் மேனேஜர் சிரித்துச் சிரித்துச் சொன்னார். “ஒரே பேஜாராப் போச்சு டீச்சரம்மா. ஸ்லைடு போட்டதும் நாலு பேரு அவங்கவங்க ஊட்டுக் கொழந்தயத் தேடிகினு எழுந்து ஓடிட்டாங்க. டிக்கெட் காசத் திருப்பிக் கேக்கறாங்க.” பாப்பா அவர் வாங்கி வந்த பன்னைத் தின்றுகொண்டிருந்தாள். பசியோடு, இரண்டு கையாலும். புடவைக் கடைக்காரர் வந்து புடவையைத் தட்டி மடித்தார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். “ஒண்ணும் ஆவலம்மா, தண்ணி படல. ஆனா ஊக்க பத்திரமாக் கழட்டி வச்சீங்களே, அதுக்கே உங்களுக்குக் கும்பிடு போடணும். இழுத்திருந்தா சரிகை கிழிஞ்சிருக்கும்” என்றார்.

“நான் கழட்டலீங்க. நீங்க கழட்டலையா?”

“நான் காலைல கட்டிட்டுப் போனவன், இப்பதான் வர்றேன்.”

கூட்டுகிற அக்காவைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டினாள். பாப்பாவுக்கு ஊக்குத் திறக்கத் தெரியாது. அவள் கவுனில் நான் குத்திவிடுகிற ஊக்கையே அவள் தொட மாட்டாள்.

“காத்துல விழுந்திருக்கும்” என்றார் மேனேஜர்.

“விழுந்த ஊக்கப் பூட்டி வைக்கவா காத்துக்குத் தெரியும்?” என்று அக்கா கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

வேலையை விட்டுவிடு என்று கணவர் சொன்னார். மறுநாளே, அவசரப்படாதே, யோசி என்றும் அவரே சொன்னார். நான் யோசித்தேன். பாப்பாவை எதிர் வீட்டுத் தறிக்காரர் மனைவியிடம் கொஞ்ச நாள் விட்டுப் பார்த்தேன். அங்கே அவள் வாசலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, யாரோ கூப்பிடக் காத்திருப்பதுபோல் இருந்தாளாம். சாப்பிடவில்லையாம். பயந்துபோய்த் திரும்ப என்னோடே கூட்டி வந்துவிட்டேன். என் கண்ணெதிரில் இருப்பதே மேல் என்று தோன்றியது. அது சரிதானா என்று இன்றைக்கும் சொல்ல முடியவில்லை.

நான் செய்தது ஒன்றுதான். பேச்சை மாற்றிக்கொண்டேன். மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை விட்டு, உட்காருவார்கள் என்று சொன்னேன். பொண்ணு ரூமில் இருக்கு என்பதை விட்டு, இருக்கும் என்று சொன்னேன். ஐயர் குரலை விட்டுவிட்டேன். எல்லாம் இனிமேல் நடக்கப் போவது. இப்போது இங்கே ஒன்றுமில்லை. வினைச்சொல்லில் காலத்தைத் திருத்தினால் போதும் என்று நம்பினேன், பயிற்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கக் கற்ற மாதிரி. மேனேஜருக்கு அது பிடிக்கவில்லை. “பேச்சுல உயிரே இல்லையே டீச்சரம்மா. கணக்கு வாத்தியார் மாதிரி சொல்றீங்க” என்றார். தேதிகள் நிறையாமல் நின்றன.

ஆடி கடைசியில் வேலூர்ப் பார்ட்டி மறுபடியும் வந்தது. இந்தத் தடவை மாப்பிள்ளை வீட்டாரையும் கூட்டி வந்திருந்தார்கள். மேனேஜர் வாசலில் நின்று, இவங்களை விட்டுடாதீங்க என்று கண்ணால் சொன்னார். நான் பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டே சுற்றிக் காட்டினேன். திரும்பக் கூட்டி வந்ததிலிருந்து அந்தக் கையை நான் விடுவதில்லை. நாற்காலியில் புதிதாக ஒரு நீலப் புடவை கட்டியிருந்தார்கள். அந்த அரக்குப் புடவையை யாரோ முகூர்த்தத்துக்கென்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம்.

“பொண்ணு இங்க உக்காரும்ங்க” என்றேன், மேடையைக் காட்டி. “முகூர்த்தம் முடிஞ்சதும் இந்த நாற்காலியில உக்காரும்.”

மாப்பிள்ளையின் அம்மா வெறுமனே தலையாட்டினாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அதுவரை பார்ட்டி முன்னால் ஒரு சொல் பேசியறியாத பாப்பா என் கையை அசைத்தாள்.

“உக்காந்திருக்கு, அம்மா” என்று திருத்தினாள்.

மாப்பிள்ளையின் அம்மா பாப்பாவைப் பார்த்தாள், மேடையைப் பார்த்தாள், வாய் நிறையச் சிரித்தாள். “கொழந்த வாயில வந்துடுச்சு. இதுக்கு மேல என்ன நல்ல வாக்கு வேணும்? இந்த எடமே இருக்கட்டும்” என்றாள். வேலூர்க்காரர்களும் சிரித்தார்கள். மேனேஜர் வாசலில் கை கூப்பினார்.

நானும் சிரித்தேன். பாப்பா சிரிக்கவில்லை. அவள் இன்னும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தாள், அக்கம்பக்கத்தாரைப் பார்த்துத் தலையாட்டுவதுபோல் மெல்லத் தலையை ஆட்டிக்கொண்டு. அவள் பார்க்கிற திசையில் நான் திரும்பவில்லை. அவள் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டேன்.

“வாங்க, சமையல்கட்டைக் காட்டறேன்” என்று சொல்லி, ஓரமாகவே நடந்தேன்.